தெருவில் முதல் ஆளாக வெளிநாடு போகும் நர்ஸுக்கு

நெல்லைச் சீமையில் கடையத்திலோ களக்காட்டிலோ வள்ளியூரிலோ, யாருமே பாஸ்போர்ட் எடுத்திராத வீட்டிலிருந்து ஒரு பெண் நர்சிங் முடித்து வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறாள் என்றால், கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஆள் கிடையாது. கேரளத்துக் கோட்டயத்துப் பெண்ணுக்குக் குவைத்தில் அக்கா இருப்பாள், லண்டனில் சித்தி இருப்பாள். எந்தத் தாளை எப்போது நீட்ட வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுவார்கள். நம் பக்கத்தில் அந்த அக்காவின் நாற்காலியில் ஏஜென்ட் உட்கார்ந்திருக்கிறார். அவரை அங்கிருந்து எழுப்பத்தான் இந்தக் குறிப்பு. முதல் பெண் எப்படிப் போவது என்பது ஒரு பாதி. அவள் போன தடத்தில் அடுத்தவள் ஏமாறாமல் போக அவள் என்ன வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது மறுபாதி.

முதல் வேலை: பெயரைச் சரிசெய்வது

ஆங்கிலக் கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன்பு, வீட்டில் இருக்கிற எல்லாச் சான்றிதழையும் தரையில் பரப்பி வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, நர்சிங் மதிப்பெண் பட்டியல்கள், டிப்ளமா அல்லது பட்டம், தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் பதிவு, ஆதார் எல்லாமே வேண்டும். இசக்கியம்மாள் என்ற பெயர் ஒரு சான்றிதழில் ஆங்கில 'ஈ'யில் தொடங்கும், இன்னொன்றில் 'ஐ'யில் தொடங்கும். லட்சுமி ஒன்றில் லெட்சுமியாகியிருப்பாள். பேச்சியம்மாளுக்கு ஒரு 'டி' கூடியிருக்கும். ஊரில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சான்றிதழைச் சரிபார்க்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கோ அது வேறு ஆள்.

இதைவிடப் பெரிய தொல்லை இனிஷியல். நம் சான்றிதழில் பெயரோடு ஓர் எழுத்துதான் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதை விரித்து, பெயரை ஒரு கட்டத்திலும் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் போட வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசா தருவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து விதி வைத்திருக்கிறது. மற்ற இடங்களிலும் பல ஆன்லைன் படிவங்கள் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடுவதில்லை.

கல்யாணமான பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைக் குடும்பப் பெயராக மாற்ற வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. துணைவர் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அதில் எழுதினால் போதும். அப்பா பெயரிலேயே படித்து, அப்பா பெயரிலேயே கவுன்சிலில் பதிந்த பெண், பாஸ்போர்ட்டில் மட்டும் கணவர் பெயருக்கு மாறினால், பிறகு நீட்டும் ஒவ்வொரு தாளுக்கும் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். எழுத்துப் பிழை பட்டத்திலேயே இருந்தால் பல்கலைக்கழகத்தில் திருத்தம் வாங்குவதுதான் நல்லது. முடியாத நிலையில் நோட்டரி உறுதிமொழிப் பத்திரம், அதற்கும் மேல் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு. இதற்கெல்லாம் மாதக் கணக்கில் ஆகும். அதனால்தான் இதை முதல் வேலையாக வைத்திருக்கிறோம்.

பாஸ்போர்ட்டுக்கு மதுரை வரை போக வேண்டாம், திருநெல்வேலியிலேயே சேவா கேந்திரா இருக்கிறது. 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. பத்தாம் வகுப்புச் சான்றிதழை மறக்காமல் கொண்டுபோங்கள். அதைக் காட்டினால்தான் குடியேற்ற அனுமதி தேவைப்படாத வகை பாஸ்போர்ட் கிடைக்கும். நர்ஸ்களுக்கு அந்த விலக்கு முழுசாக உதவாது. காரணம் பின்னால் வருகிறது.

அனுபவச் சான்றிதழ் என்ற கண்ணிவெடி

பெரும்பாலான இடங்களில் ஓராண்டு அல்லது இரண்டாண்டு முழுநேர வார்டு அனுபவம் கேட்பார்கள். அதை எங்கே சம்பாதிக்கிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம். வளைகுடா நாடுகளுக்கு டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் உங்கள் கல்லூரி, கவுன்சில், ஆஸ்பத்திரி மூன்றுக்கும் நேரடியாக எழுதி, "இவர் உங்களிடம் இருந்தாரா?" என்று கேட்கும். பதில் வராவிட்டால் 'சரிபார்க்க இயலவில்லை' என்று அறிக்கை வரும். உண்மையாகவே இரண்டு வருஷம் ராப்பகல் டியூட்டி பார்த்தவளுக்கும் இந்த நிலை வரலாம். சின்ன நர்சிங் ஹோமில் மெயில் பார்க்க ஆள் இருக்காது, அல்லது டாக்டர் ஆஸ்பத்திரியையே மூடிவிட்டிருப்பார்.

ஆகவே வேலைக்குச் சேரும்போதே நாலு விஷயம் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குச் சொந்தப் பெயரில் மின்னஞ்சல் முகவரி உண்டா? சம்பளம் வங்கியில் விழுகிறதா? படுக்கை எண்ணிக்கை எவ்வளவு? ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், சம்பளம் ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும் வேறு இடம் பார்ப்பதே மேல்.

விலகும்போது வாங்கும் கடிதத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, எந்த வார்டு, முழுநேரம் என்ற சொல், படுக்கை எண்ணிக்கை, கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும், லெட்டர்ஹெட், சீல் எல்லாம் இருக்க வேண்டும். 'இரண்டு வருடம் நன்றாகப் பணிபுரிந்தார், வாழ்த்துகள்' என்று மட்டும் எழுதித் தந்தால் அது பாராட்டுப் பத்திரம். அனுபவச் சான்றிதழ் ஆகாது. டேட்டாஃப்ளோவுக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்த ஆஸ்பத்திரி அலுவலகத்துக்கு நேரில் போய்க் கடிதத்தின் நகலைக் கொடுத்து, "இப்படி ஒரு மெயில் வரும், ஸ்பாமில் விழுந்துவிடாமல் பாத்துக்கிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். இந்த ஒரு நடை பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

செய்யாத வேலைக்கு அனுபவக் கடிதம் 'ஏற்பாடு செய்து தருகிறேன்' என்பவரிடம் நிற்கவே வேண்டாம். போலி என்று அறிக்கை வந்தால் அது உங்கள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், அடுத்த நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் பின்னாலேயே வரும்.

சென்னைக்கு ஒரு முறையாவது போகத்தான் வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறும் முன்பே வேலைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நர்ஸ் கவுன்சிலில் நற்சான்று, பி.எஸ்.சி. படித்தவர் என்றால் கிண்டியில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், அதே கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். 1978இல் தொடங்கிய அந்த அரசு நிறுவனத்தில் பெயரைப் பதிந்து வைத்தால் நர்ஸ் நேர்காணல் அறிவிப்புகள் நேரடியாக வரும். ஏஜென்டுக்குத் தெரியும் முன்பே உங்களுக்குத் தெரியும்.

எந்த நாடு?

ஒருவரைப் பார்த்து இன்னொருவர் முடிவு செய்யும் விஷயம் இல்லை இது. கடன் அவசரமாக அடைய வேண்டும், மூன்று நாலு வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்றால் வளைகுடா. மொழித் தேர்வு என்ற பெரிய சுவர் அங்கே இல்லை, கம்ப்யூட்டரில் எழுதும் உரிமத் தேர்வு ஒன்றும் டேட்டாஃப்ளோவும் போதும். குடும்பத்தோடு குடியேற வேண்டும் என்றால் பிரிட்டன், ஜெர்மனி. பிரிட்டனுக்கு ஆங்கிலம் வலுவாக வேண்டும். ஜெர்மனிக்கு ஆங்கிலம் தடுமாறினாலும் பாதகமில்லை. புது மொழி என்பதால், ஆங்கில மீடியத்தில் படித்தவரும் தமிழ் மீடியத்தில் படித்தவரும் அங்கே ஒரே கோட்டிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த நெல்லைப் பெண்களுக்கு நாங்கள் ஜெர்மனியைச் சொல்வது அதனால்தான்.

பிரிட்டன்: ஓஇடி தேர்வும் சொட்டுக் கணக்கும்

பிரிட்டன் நர்ஸ் கவுன்சிலுக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற பொது ஆங்கிலத் தேர்வு அல்லது ஓஇடி என்ற மருத்துவப் பணியாளருக்கான ஆங்கிலத் தேர்வு, இரண்டில் ஒன்று போதும். ஐஇஎல்டிஎஸ்ஸில் மொத்தத்திலும் வாசிப்பு, கேட்டல், பேச்சு ஒவ்வொன்றிலும் 7, எழுத்துக்கு மட்டும் 6.5. ஓஇடியில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் பி கிரேடு, அதாவது 350 மதிப்பெண். எழுத்தில் சி பிளஸ், அதாவது 300. வார்டு சமாசாரமே வருவதால் நர்ஸுக்கு ஓஇடிதான் கைக்கு அடங்கும். ஒரே தடவையில் எல்லாம் வராவிட்டால், 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளைச் சேர்த்துக் காட்டவும் விதி இருக்கிறது. தேர்வுக் கட்டணம் முப்பதாயிரத்தைத் தாண்டும் என்பதால் "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்" என்ற பேச்சு வேண்டாம்.

தோற்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். வாசிப்பில் முதல் பகுதிக்கு 15 நிமிடம், 20 கேள்வி. நாலு துண்டுக் கட்டுரைகளையும் முழுசாகப் படித்துவிட்டுக் கேள்விக்குப் போகிறவருக்கு நேரம் பத்தாது. தலைப்புகளை மட்டும் பார்த்து, எந்தத் துண்டில் மருந்தளவு இருக்கிறது, எதில் அறிகுறிகள் இருக்கின்றன என்று மனதில் குறித்துக்கொண்டு நேரே கேள்விக்குப் போக வேண்டும்.

எழுத்தில் ஒரு கடிதம், 180 முதல் 200 வார்த்தை. முதல் 5 நிமிடம் குறிப்புகளைப் படிக்க, 40 நிமிடம் எழுத. நம் பிள்ளைகள் செய்யும் தவறு, கொடுத்த குறிப்பு எல்லாவற்றையும் விடாமல் எழுதிவிடுவது. பரீட்சையில் பக்கம் கூடினால் மார்க் கூடும் என்று பழகிய கை அது. இங்கே எதை விட வேண்டும் என்று தெரிவதற்கும் மதிப்பெண் உண்டு. கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வரும் நர்ஸுக்கு எழுதும் கடிதத்தில், நோயாளிக்குச் சின்ன வயதில் நடந்த டான்சில் ஆபரேஷன் எதற்கு? கடிதம் எதற்காக என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

பேச்சில் இரண்டு நடிப்புக் காட்சிகள், ஒவ்வொன்றும் 5 நிமிடம். மதிப்பிடும் அளவுகோல்கள் ஒன்பது: மொழிக்கு 4, நோயாளியோடு பழகும் பாங்குக்கு 5. ஆக இலக்கணம் கொஞ்சம் வழுக்கினாலும், எதிராளியைப் பேச விட்டுக் கேட்டால் தேறிவிடலாம். நெல்லைக்காரர் பேச்சே வேகம், பதற்றத்தில் அது இரட்டிப்பாகும். மனப்பாடம் செய்த வசனத்தைக் கடகடவென்று ஒப்பிக்காமல், ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தி, "இதுவரை சொன்னது புரிகிறதா?" என்று கேட்பதைப் பழக்கமாக்குங்கள். வயதானவரைப் பாட்டி, அம்மா என்று கூப்பிடும் நம் மரியாதை அங்கே செல்லாது. எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவரிடமே கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் அங்கே மரியாதை.

அடுத்தது சிபிடி என்ற கம்ப்யூட்டர் தேர்வு. ஒரு பகுதி நர்சிங் பாடம், இன்னொரு பகுதி கணக்கு. பாடத்தில் தேறி, கணக்கில் விழுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று வகைக் கணக்குப் பழகினால் பெரும்பகுதி வந்துவிடும்.

சொட்டுக் கணக்கு: 1,000 மி.லி. சலைன், 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், செட் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு. 1,000 பெருக்கல் 20, வகுத்தல் 480 நிமிடம். விடை 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. கேள்வியில் செட் 15 சொட்டு என்று இருந்தால் விடை 31. வார்டில் பழகிய எண்ணை நினைவில் வைத்துப் போட்டால் தப்பாகிவிடும்.

ஊசி அளவு: டாக்டர் எழுதியது 7.5 மி.கி., ஆம்பூலில் ஒரு மி.லி.க்கு 10 மி.கி. வேண்டிய அளவை ஒரு மி.லி.யில் உள்ள அளவால் வகுத்தால் 0.75 மி.லி.

அலகு மாற்றம்: 125 மைக்ரோகிராம் என்பது 0.125 மி.கி. அதிகம் பேர் வழுக்குவது இதில்தான். மைக்ரோகிராமை மில்லிகிராமாக எடுத்தால் மருந்து ஆயிரம் மடங்காகிவிடும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம்: விண்ணப்பம் 140 பவுண்ட், சிபிடி 83, அங்கே போய் எழுதும் செய்முறைத் தேர்வான ஆஸ்கி 794, பதிவு 153. கூட்டினால் 1,170 பவுண்ட். பல அரசு மருத்துவமனைகள் சிபிடி, ஆஸ்கி, விமானச் செலவைத் திருப்பித் தருகின்றன. வேலைக் கடிதத்தில் அது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இத்தனை வருஷத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டணங்கள் மாறக்கூடியவை. கட்டுகிற அன்று கவுன்சிலின் தளத்தைப் பார்த்துக் கட்டுங்கள்.

ஆஸ்கியில் 10 நிலையங்கள், அதாவது பத்துத் தனித்தனிச் சோதனைகள். தோற்கும் காரணம் பெரும்பாலும் அறிவுக் குறைவு அல்ல, பழக்கம்: கை கழுவாமல் தொட்டது, மணிக்கட்டுப் பட்டையில் பெயரும் பிறந்த தேதியும் பார்க்காமல் மருந்து கொடுத்தது, ஒவ்வாமை கேட்காதது, எழுத்துப் பிழையை ஒற்றைக் கோடு போட்டுக் கையெழுத்திடாமல் மேலேயே கிறுக்கித் திருத்தியது. இதையெல்லாம் இப்போது வேலை பார்க்கும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வார்டிலேயே பழகிக்கொள்ளலாம், செலவில்லை.

ஜெர்மனி

ஜெர்மன் மொழித் தேர்ச்சி ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக ஏறும். விசாவுக்குப் பி1, முழு நர்ஸாக அங்கீகாரம் பெற பி2 என்பது பொதுவான வழி. ஊரிலேயே பி2 முடித்துவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம். அங்கே போய் வேலையும் பார்த்து மொழியும் படிப்பது நினைப்பதைவிடக் கடினம், அங்கீகாரம் வரும் வரை உதவியாளர் பதவி, உதவியாளர் சம்பளம்தான். ஏ1 முதல் பி2 வரை முழுநேரமாகப் படித்தால் ஏறக்குறைய பத்து மாதம், டியூட்டி பார்த்துக்கொண்டே படித்தால் ஒன்றரை வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோத்தே நிறுவனம் நடத்தும் பி2 தேர்வில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு நான்கும் தனித்தனி. ஒவ்வொன்றிலும் 100க்கு 60. தோற்ற பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம்.

ஒரு ஆறுதல். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் திணறும் ஓர் இடம் தமிழருக்கு எளிது: 'ஏனென்றால்' என்று தொடங்கும் துணை வாக்கியத்தில் ஜெர்மன் வினைச்சொல் கடைசியில்தான் வரும். 'காய்ச்சல் இருப்பதால்' என்று சொல்லும் நாக்குக்கு அது பழகிய இடம். நமக்குத் தலைவலி டெர், டீ, டாஸ் என்ற மூன்று பால். மேசை ஏன் ஆண், பிள்ளை ஏன் அஃறிணை என்று கேட்டுப் பயனில்லை, சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும்.

சான்றிதழைப் பார்த்த பிறகு, நீங்கள் போகும் ஜெர்மன் மாநிலத்தின் அதிகாரிகள், உங்கள் படிப்பில் எது குறைகிறது என்று ஒரு கடிதம் தருவார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது நிராகரிப்பு அல்ல. அந்தக் குறையை ஈடுகட்டும் பயிற்சி அல்லது அறிவுத் தேர்வு, இரண்டில் ஒன்றை முடித்தால் முழு நர்ஸ். நர்சிங் பாடத்திட்டத்தில் தியரி எத்தனை மணி, வார்டு எத்தனை மணி என்று பிரித்துக் காட்டும் விவரத் தாளைக் கல்லூரியில் கேட்டு வாங்கிக்கொண்டு போனால் அந்தக் குறைப் பட்டியல் சுருங்கும்.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. நம் வார்டில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, மலஜலம் எடுப்பதெல்லாம் கூட இருக்கும் சொந்தக்காரர் வேலை. நர்ஸ் ஊசி, மருந்து, டிரிப், ரிப்போர்ட் பார்ப்பார். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் கூட இருக்க ஆள் கிடையாது. உடம்பு துடைப்பது முதல் எல்லாம் நர்ஸின் கையில், அதுவே அங்கே நர்சிங்கின் அடிப்படை. ஜெர்மனியில் நரம்பில் ஊசி போடுவதும் டிரிப் ஏற்றுவதும் பல இடங்களில் டாக்டர் வேலை. "ஆயா வேலைக்கா இத்தனை படிச்சேன்?" என்று ஆறாம் மாதத்தில் மனம் உடைகிறவர்களுக்கு இதை மூன்றாம் வருஷப் படிப்பிலேயே யாராவது சொல்லியிருந்தால் பாதி உடைவு இருந்திருக்காது.

வளைகுடா: விசிட் விசாவில் ஏறக் கூடாது

பாஸ்போர்ட் எந்த வகையாக இருந்தாலும், பட்டியலில் உள்ள 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவருக்கு எமிகிரேட் என்ற மத்திய அரசு இணையதளம் வழியாகக் குடியேற்ற அனுமதி வேண்டும் என்று மத்திய அரசு 2015இல் விதி கொண்டுவந்தது. சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், அமீரகம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆளெடுப்பை அரசு நிறுவனங்களிடம் ஒப்படைத்ததும் அப்போதுதான். தமிழ்நாட்டுக்கு மேலே சொன்ன கிண்டி நிறுவனம். கேரளத்திலிருந்து லட்சக் கணக்கில் பணம் கறந்த ஏஜென்ட்களால்தான் அந்த விதியே வந்தது.

"எமிகிரேட் எல்லாம் லேட்டாகும், விசிட்ல போயிரு, அங்க போய் மாத்திக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், அவர் உங்களை அரசுப் பதிவிலிருந்து வெளியே எடுக்கிறார் என்று அர்த்தம். சம்பளம் வராவிட்டால் தூதரகத்தில் காட்ட உங்கள் கையில் ஒப்பந்தமே இருக்காது.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும். 18 சதவீதம் சேர்த்தால் 35,400. அதற்கு ரசீது தர வேண்டும். லைசென்ஸ் எண்ணை எமிகிரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். பெயரும் முகவரியும் பொருந்த வேண்டும். நெல்லை வண்ணார்பேட்டையில் போர்டு தொங்குவது லைசென்ஸுக்குச் சமம் ஆகாது. வேறு ஊர் ஏஜென்சியின் 'கிளை' என்பவர் பெரும்பாலும் பதிவில்லாத துணை ஏஜென்ட்தான்.

ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம், தங்குமிடம், வாரத்துக்கு எத்தனை மணி, விடுமுறை, திரும்பும் டிக்கெட், இடையில் விலகினால் என்ன என்ற ஆறு இடங்களை அடிக்கோடிடுங்கள். படித் தொகைகளைச் சேர்த்துப் பெரிதாகக் காட்டி அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக வைப்பது பழைய தந்திரம். பணி முடியும்போது வரும் தொகை பெரும்பாலும் அடிப்படையை வைத்துத்தான் கணக்கிடப்படும். பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375. விபத்து மரணம், நிரந்தர ஊனத்துக்கு 10 லட்சம். டீக்காசு மாதிரிதான், எடுத்துவிடுங்கள். 1800 11 3090 என்ற மத்திய அரசு உதவி எண்ணையும், அயலகத் தமிழர் நலத்துறையின் 1800 309 3793 என்ற எண்ணையும் அம்மாவின் போனிலும் பதிந்து வையுங்கள்.

மெடிக்கல் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. பழைய காசநோய்த் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலே 'தகுதியில்லை' என்று வந்துவிடலாம். ஆகவே ஏஜென்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்கும் முன்பு உள்ளூரில் நெஞ்சு எக்ஸ்ரே, ஹெபடைடிஸ் பி, சி, ரத்த அளவு நான்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி. கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி அளவு 10க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிக்கும்போதே போட்ட ஊசி என்றாலும் அந்த அளவுத் தாளைக் கேட்பார்கள்.

வீட்டில் பேசுவது

"பொம்பளப் பிள்ளைய ஒத்தையில எப்படிட்டி அனுப்ப?" என்று ஆச்சி கேட்பாள். வாக்குவாதம் செய்வதைவிடத் தாளைக் காட்டுவது பலிக்கும். தங்குமிட முகவரி, மருத்துவமனை போன் எண், ஒப்பந்த நகல், காப்பீடு, திரும்பும் டிக்கெட் விவரம் ஒரு ஃபைலில் போட்டு அம்மாவிடம் கொடுங்கள். பயம் பெரும்பாலும் தெரியாமையிலிருந்து வருவது. ஊர் விட்டு ஊர் வந்து பெண் ஒருத்தி காரியம் சாதிப்பது இந்த மண்ணுக்குப் புதுசும் இல்லை. பாளையங்கோட்டையில் 1785இல் எழுந்த சின்னக் கோயிலை இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறோம். அதைக் கட்டிய குளோரிந்தா, தஞ்சைச் சீமையிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை.

பணம் யார் பெயரில் வரும் என்பதையும் போகும் முன்பே பேசிவிடுங்கள். வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஊரிலுள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும், சம்பளம் அனுப்ப உங்கள் பெயரில் என்.ஆர்.இ. கணக்கு திறக்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரு குறிப்பிட்ட தொகை மட்டும் அங்கிருந்து அம்மா கணக்குக்குப் போகட்டும். முழுச் சம்பளத்தையும் அண்ணன் கணக்குக்கு அனுப்பிவிட்டு, ஐந்து வருஷம் கழித்துக் கேட்பது பல வீடுகளில் மனஸ்தாபத்தில் முடிந்திருக்கிறது.

போனவள் திரும்பி வரும்போது

முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு வைத்திருங்கள். எந்தத் தாளை எந்தத் தேதியில் கொடுத்தது, எப்போது பதில், எவ்வளவு பணம், எதற்குத் திருப்பி அனுப்பினார்கள் என்ற நாலு பத்தி போதும். அடுத்தவளுக்கு அந்த நோட்டுதான் கோட்டயத்து அக்கா.

விடுமுறையில் வரும்போது படித்த பள்ளியில் பேசக் கூப்பிடுவார்கள். பிளஸ் டூ வகுப்புக்குத்தான் போகச் சொல்வார்கள், பத்தாம் வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். பி.எஸ்.சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். அந்தக் குரூப்பை எடுப்பது பத்தாம் வகுப்பு முடிந்ததும். பிளஸ் டூவில் போய் உற்சாகமூட்டினால், உயிரியல் இல்லாத குரூப்பிலோ கலைப் பிரிவிலோ இருக்கும் பிள்ளைக்கு ஏக்கம்தான் மிஞ்சும். ஜனவரி, பிப்ரவரி மாதம், அம்மாக்களையும் சேர்த்து, முக்கால் மணி நேரம் போதும். பீடி சுற்றும் அம்மாக்கள் இலை வாங்கப் போகும் நேரம், கட்டுக் கொடுக்கும் நேரம் பார்த்து வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாற்காலி காலியாக இருக்கும்.

என்ன பேசுவது? 12 மணி நேர டியூட்டி எப்படி இருக்கும் என்று பத்து நிமிடம். சம்பளம் பத்து நிமிடம்: வரி, வாடகை, கடன் தவணை, ஊருக்கு அனுப்புவது எல்லாம் கழித்துக் கையில் நிற்கும் தொகையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். மொத்தச் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிச் சொன்னால் கூட்டம் வாயைப் பிளக்கும், அடுத்த வாரம் அதே எண்ணை ஏஜென்ட் நோட்டீஸில் போடுவார். பத்து நிமிடம் தோற்ற தேர்வுகள். தோற்ற மதிப்பெண் தாளை எடுத்துக்கொண்டு போங்கள்; புது வீட்டுப் போட்டோ வேண்டாம். மீதி நேரம் கேள்விக்கு. அம்மாக்கள் கேட்பது பணம் எங்கே என்பதுதான்: அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பீடித் தொழிலாளர் குழந்தைகளுக்கு மத்திய தொழிலாளர் துறையின் கல்வி உதவித்தொகை, வங்கிக் கல்விக் கடன். மூன்றையும் பெயர் சொல்லி எழுதிப்போடுங்கள்.

கூட்டத்துக்குப் பந்தல், டீ செலவை ஏஜென்சி யாராவது ஏற்கிறேன் என்றால் வேண்டாம் என்றுவிடுங்கள். பிள்ளைகளின் போன் நம்பரை வாங்காதீர்கள், கேள்விகள் ஆசிரியை வழியாக வரட்டும். இன்னொன்று கண்டிப்பாக: பதிவில்லாமல் ஆளெடுப்பது 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி குற்றம். தெரிந்த பெண்ணுக்கு வழி சொல்வது உதவி. "என் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறேன், ஐம்பதாயிரம் கொடு" என்பது பதிவில்லாத ஆளெடுப்பு. உங்கள் மருத்துவமனை பரிந்துரைத் தொகை தருகிறது என்றால் அதைப் பெண்ணிடம் சொல்லிவிட்டே பரிந்துரையுங்கள்.

நோட்டைப் பள்ளி நூலகத்தில் வைக்கும் முன்பு பாஸ்போர்ட் எண், பதிவெண், வங்கி விவரம் மூன்றையும் கறுப்பு மையால் அடித்துவிட்டு ஜெராக்ஸ் எடுங்கள். நகலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியக் கூடாது. ஒவ்வொரு கட்டணத்துக்கும் பக்கத்தில் தேதி போட்டு, ஒரு விரற்கடை இடம் காலியாக விடுங்கள். அடுத்து போகிறவள் தன் தேதியையும் தான் கட்டிய தொகையையும் அங்கே எழுதிக்கொள்வாள்.